மெரினா பூங்காவில் கேட்ட கேள்வி

போர்ட் பிளேருக்கு ஜோடிகள் வருகிறார்கள். மோதிரமும் காமிராவும் கூடவே வருகின்றன. ஆனால் 'என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?' என்ற கேள்விக்கு இந்த ஊரில் நூறாண்டுக்கும் மேற்பட்ட சரித்திரம் உண்டு.

மாலை 5.45 மணிக்கு நாங்கள் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடல் கறுத்துவிட்டது. எதிரே இருக்க வேண்டிய ராஸ் தீவு வெறும் நிழலாகத் தெரிந்தது. என் அக்கா மகன் கையில் இருந்த தாளைப் பார்த்தான். '5.50 - சூரிய அஸ்தமனம், பின்னணியில் தீவு' என்று எழுதியிருந்தது. வானத்தைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான்.

"சூரியன் போய் அரை மணி நேரம் ஆச்சு தம்பி," என்றார் உடன் வந்த போட்டோகிராபர். அவர் குரலில் கிண்டல் இல்லை. இப்படி ஏமாந்த எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார்.

நல்லவேளை, அது ஒத்திகைதான். நிஜமான நாள் மறுநாள். பையனுக்கு வயது 29. சென்னையில் வேலை. அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை இரண்டு வருடமாகத் தெரியும். இரு வீட்டுக்கும் அரைகுறையாகத் தெரியும், யாரும் வாய் திறந்து பேசவில்லை. நண்பர்கள் நான்கு பேரோடு அந்தமான் சுற்றுலா என்று பெயர் பண்ணிக்கொண்டு, அங்கே கடற்கரைப் பூங்காவில் அவளே எதிர்பாராத நேரத்தில் மண்டியிட்டு மோதிரம் நீட்டிக் கேட்டுவிடுவது என்று திட்டம். அதை மறைந்திருந்து படம் எடுக்க ஒருவர். எனக்கு அந்த ஊர் பழக்கம் என்பதால் துணைக்கும் யோசனைக்கும் நான்.

அந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போனால் பஜ்ஜி சொஜ்ஜியோடு விஷயம் முடிந்தது. பெண்ணின் படத்தைத் தரகர் கொண்டுவருவார். ஸ்டூடியோவில் பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம். இப்போது படம் கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்து, கேட்கும் கணத்துக்கே வந்து நிற்கிறது. மண்டியிடுவது மேற்கத்திய வழக்கம். வைர மோதிரம் இல்லாமல் நிச்சயம் இல்லை என்ற நம்பிக்கைகூட, அமெரிக்காவில் 1930களின் இறுதியில் டி பியர்ஸ் நிறுவனம் தொடங்கிய விளம்பரங்களால் வேரூன்றியதுதான். சினிமா வழியாகவும் செல்போன் வழியாகவும் அது நம் ஊர்ப் பூங்காக்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. குறை சொல்லிப் பயனில்லை. பஜ்ஜியும் ஒரு காலத்தில் புதிதாக வந்ததுதானே.

கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு

முதலில் அந்த வெளிச்ச விவகாரம். அந்தமானுக்குப் போகிற தமிழர்கள் எல்லோரும் முதல் நாள் ஏமாறுகிற விஷயம் இது. போர்ட் பிளேர் சென்னையிலிருந்து கடல் கடந்து வெகுதூரம் கிழக்கே இருக்கிறது. ஆனால் கைக்கடிகாரத்தில் அதே இந்திய நேரம். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேர் இருப்பது 92.7 பாகைக்கு அருகில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆக, சூரியன் அங்கே கடிகாரத்தைவிட ஏறக்குறைய 40 நிமிடம் முந்தி ஓடுகிறது. டிசம்பர் கடைசியில் மாலை ஐந்து மணிக்கு அஸ்தமனம். ஜனவரி நடுவில் ஐந்தே கால். ஜூன் மாதத்தில்கூட ஆறு மணியைத் தாண்டாது. அதற்குப் பதிலாகக் காலை ஐந்து மணிக்கெல்லாம் ஊர் பளிச்சென்று விழித்துக்கொள்கிறது.

பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் அந்தி நேரமும் குறைவு. சூரியன் விழுந்த பிறகு இருபது, இருபத்திரண்டு நிமிடம் ஒரு நீல வெளிச்சம். அவ்வளவுதான். பிறகு திரை விழுந்த மாதிரி இருட்டு.

இன்னொரு சிக்கல் திசை. மெரினா பூங்கா போர்ட் பிளேரின் கிழக்குக் கரையில் இருக்கிறது. சென்னை மெரினாவைப் போலவே இங்கேயும் சூரியன் கடலில் எழுகிறது, ஊருக்குப் பின்னால் மறைகிறது. கடலில் சூரியன் மூழ்குகிற படம் இங்கே கிடைக்காது. அது வேண்டுமென்றால் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி சிடியா டாபுவுக்குப் போக வேண்டும். அல்லது ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை. 2004ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதிய இடம். நீல் தீவில் லக்ஷ்மண்பூர். சூரியோதயம் வேண்டுமென்றால் ஹேவ்லாக்கில் காலாபத்தர், நீலில் சீதாபூர்.

"அதுக்காக இந்த இடத்தை விடாதீங்க," என்றார் போட்டோகிராபர். அவருடைய அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர். இவர் பிறந்தது இங்கேதான். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். "நாலே முக்கால் மணிக்கு வெயில் நம்ம முதுகுப் பக்கம் இருந்து வரும். எதிர்ல ராஸ் தீவு தங்கம் மாதிரி ஜொலிக்கும். முகத்துல நிழல் விழாது, கண்ணைச் சுருக்க வேண்டாம். பத்து நிமிஷம்தான் அந்த வெளிச்சம். பத்து நிமிஷம் போதும்."

பூங்காவைச் சுற்றிக் காட்டினார். கடலோர நடைபாதை, நேதாஜி சிலை, குழந்தைகள் விளையாடும் இடம், கடலைப் பார்த்த பெஞ்சுகள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஊரே திரளும். உப்புக்காற்று லென்ஸில் படியும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ட்ரோன் பறக்கவிடலாம் என்று இணையத்தில் பார்த்து யாரோ சொல்லியிருந்தார்கள். அதை மறந்துவிடச் சொன்னார். முப்படைகளும் சேர்ந்து இயங்கும் நாட்டின் முதல் கூட்டுப்படைத் தலைமையகம் 2001ல் இந்த ஊரில்தான் அமைந்தது. விமான நிலையமே கடற்படைத் தளத்தோடு சேர்ந்தது. அனுமதியில்லாமல் வானத்தில் எதையாவது அனுப்பினால், மோதிரம் போட வந்தவர் கையில் வேறு ஏதாவது மாட்டும்.

டீக்கடையில் ஒரு கேள்வி

ஒத்திகை முடிந்து அபர்தீன் பஜார் பக்கம் டீ குடிக்கப் போனோம். அங்கே பெயர்ப்பலகையில் வங்காளமும் இந்தியும் இருந்தாலும் காதில் தமிழ் விழாமல் போகாது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகையில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தமிழ் தாய்மொழி. வங்காளிகளுக்கும் இந்திக்காரர்களுக்கும் அடுத்த இடம்.

பையன் திட்டத்தை விவரித்தான். ஆறு பேரும் நடந்துகொண்டிருக்கும்போது அவன் பின்தங்குவான். நண்பர்கள் நான்கு பேரும் எழுத்துகள் எழுதிய அட்டைகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். செல்போனில் பாட்டு ஒலிக்கும். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நிச்சயமாகக் கூடுவார்கள். அவள் திரும்பிப் பார்க்கும்போது இவன் மண்டியிட்டிருப்பான். கைத்தட்டல். கண்ணீர். படம்.

போட்டோகிராபர் எல்லாவற்றையும் கேட்டார். எங்கே நிற்பது, எந்த லென்ஸ், எத்தனை அடி தூரம் என்று குறித்துக்கொண்டார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க 'இல்லை'ன்னு சொன்னா நான் என்ன பண்ணணும்? எடுக்கவா, நிறுத்தவா?"

பையன் சிரித்தான். "அப்படியெல்லாம் சொல்ல மாட்டா அண்ணே."

"சொல்ல மாட்டாங்களா, சொல்ல முடியாதா?"

டீக்கடையில் திடீரென்று சத்தம் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. நான்கு பேர் அட்டையோடு, ஐம்பது பேர் வேடிக்கை பார்க்க, ஒரு காமிரா முகத்தை நோக்கி இருக்க, ஒரு பெண் என்ன சொல்வாள்? 'யோசித்துச் சொல்கிறேன்' என்பதுகூட அந்த இடத்தில் அவமானப்படுத்துவதாகிவிடும். ஆம் என்பதைத் தவிர வேறு பதிலுக்கு அங்கே இடமே வைக்கவில்லை. போட்டோகிராபர் இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. தொழில் சந்தேகமாகக் கேட்டார். ஒருமுறை அப்படி ஒரு பெண் அழுதுகொண்டே தலையாட்டியதையும், எடுத்த படங்களை யாரும் வாங்கிக்கொள்ள வராததையும் சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை.

நம் இலக்கியத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: மடலேறுதல். காதலி கிடைக்காதவன் பனைமட்டையால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, அவள் உருவம் எழுதிய ஓலையைக் கையில் பிடித்து, ஊர் நடுவே தெருவில் வருவான். ஊர் பார்க்கும். பழிக்கு அஞ்சிப் பெண் வீட்டார் இறங்கி வருவார்கள் என்பது கணக்கு. திருக்குறளில் 114வது அதிகாரமே இதைப் பற்றியது. பழந்தமிழனும் கையில் படத்தோடுதான் வந்திருக்கிறான் என்பது வேடிக்கை. ஆனால் மடல் என்பது கடைசி ஆயுதம், நாணத்தைத் துறந்தவன் செய்வது. அது அவள் மேல் போடப்படும் நெருக்கடி என்பதை அந்தக் கவிஞர்கள் மறைக்கவில்லை. நாம்தான் அதற்கு பலூன் கட்டி 'சர்ப்ரைஸ்' என்கிறோம்.

வரிசையில் நின்ற பெண்கள்

மறுநாள் காலை செல்லுலார் சிறை. 1906ல் கட்டி முடிக்கப்பட்ட ஏழு கிளைகளில் மூன்றுதான் மிச்சம். அங்கிருந்து கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகிற வழி கடலை ஒட்டியே வளைந்து செல்கிறது. சவுத் பாயிண்ட் என்ற இடத்தில் 150 அடி உயரக் கம்பத்தில் தேசியக் கொடி பறக்கிறது. நேதாஜி இந்த ஊரில் கொடி ஏற்றி 75 ஆண்டு ஆனதை ஒட்டி 2018 டிசம்பர் 30ம் தேதி பிரதமர் ஏற்றிவைத்தது. கார்கள் நிற்கின்றன. எல்லோரும் கொடியைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

பெண் கைதிகளுக்கான சிறை இருந்தது இந்த சவுத் பாயிண்டில்தான். செல்லுலார் சிறையையும் சாவர்க்கரையும் தெரிந்த அளவுக்கு, 1996ல் வந்த 'சிறைச்சாலை' படத்தைப் பார்த்த அளவுக்கு, இதை நம்மவர்கள் அறிந்திருக்கவில்லை.

1858 மார்ச்சில் முதல் கைதிகளோடு கப்பல் வந்து சேர்ந்தபோது இங்கே தொடங்கியது ஆண்களின் குடியேற்றம். சில ஆண்டுகளிலேயே வெள்ளை அதிகாரிகளுக்கு ஒரு கவலை வந்தது. குடும்பம் இல்லாத ஆயிரக்கணக்கான ஆண்களை வைத்துக்கொண்டு கிராமங்களை உருவாக்க முடியாது. மனைவிமார்களை ஊரிலிருந்து வரவழைக்கப் பார்த்தார்கள், வந்தவர்கள் கொஞ்சம். ஆகவே இந்தியச் சிறைகளிலிருந்து பெண் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். கணவனையோ குழந்தையையோ கொன்றதாகத் தண்டனை பெற்றவர்கள் இவர்களில் கணிசம். சிறையில் அவர்களுக்கு நெசவு வேலை. கைதிகள் உடுத்தும் துணியை நெய்தது அவர்கள் கைகள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறையில் இருந்த விதிகள் இப்படி இருந்தன. ஆண் கைதி பத்து ஆண்டு ஒழுங்காகக் கழித்தால் 'சுயசம்பாத்தியக்காரன்' என்ற சீட்டுக் கிடைக்கும். நிலம் வைத்துக்கொள்ளலாம், மாடு வாங்கலாம், குடும்பத்தை வரவழைக்கலாம் அல்லது இங்கேயே கல்யாணம் செய்துகொள்ளலாம். பெண் கைதி ஐந்து ஆண்டு கழித்தால் கல்யாணத்துக்குத் தகுதி பெறுவாள்.

பிறகு வந்தது 'கல்யாண அணிவகுப்பு'. குறித்த நாளில் அனுமதி பெற்ற ஆண்கள் பெண்கள் சிறைக்கு வருவார்கள். தகுதியுள்ள பெண்கள் வரிசையாக நிறுத்தப்படுவார்கள். ஆண்கள் அந்த வரிசையைப் பார்த்தபடி நடப்பார்கள். ஒருவன் ஒருத்தியைத் தேர்ந்துகொண்டால், அவளிடம் சம்மதம் கேட்கப்படும். காவலர் முன்னிலையில் இருவரும் பேசிக்கொள்ளலாம். இருவரும் ஒப்புக்கொண்டால் அதிகாரியிடம் மனு, விசாரணை, பதிவு. பிறகு அவரவர் மத வழக்கப்படி கல்யாணம். அவள் அவனுடைய கிராமத்துக்குப் போவாள்.

பார்க்கப்போனால், நம் ஊர்ப் பெண் பார்க்கும் சடங்கைவிட இது ஒரு படி மேல் என்றுகூடத் தோன்றும். இங்கே பெண்ணிடம் நேராகக் கேட்டார்கள். ஆண்கள் பல மடங்கு, பெண்கள் சொற்பம். அவளுக்கு மறுக்கிற உரிமை இருந்தது.

ஆனால் அந்த விதிப்புத்தகத்தில் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். வீட்டு வேலைக்கு அனுமதி பெற்றவளோ, கல்யாணமாகிக் கணவனோடு வாழ்பவளோ தவிர மற்ற எல்லாப் பெண்களும் சிறைக்குள்ளேதான் இருந்தாக வேண்டும். கல்யாணமானவள் பதினைந்து ஆண்டு முடிந்ததும், கணவனின் தண்டனையும் தீர்ந்திருந்தால், அவனோடு தீவை விட்டுப் போகலாம். ஆகாதவள் இருபது ஆண்டு இருக்க வேண்டும். அதாவது 'ஆம்' என்றால் சிறைக் கதவு அன்றைக்கே திறக்கும். 'இல்லை' என்றால் திரும்பத் தறிக்கு.

இதைக் காரில் போகும்போது நான் சொல்லிக்கொண்டு வந்தேன். பின் இருக்கையில் இருந்த பெண் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்: "அப்ப அது சம்மதம்னே சொல்ல முடியாது, இல்ல அங்கிள்?"

"சிலருக்கு நிஜமாகவே பிடித்திருக்கும்மா," என்றேன்.

"பிடிச்சிருந்தாலும், பிடிச்சுதான் சொன்னாங்களான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

முன் இருக்கையில் இருந்த பையன் திரும்பவில்லை. ஆனால் அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

அந்தக் கல்யாணங்களிலிருந்து ஒரு சமூகமே பிறந்தது என்பது கதையின் மறுபக்கம். பஞ்சாபிக்கும் வங்காளிக்கும், மதராஸ் மாகாணத்தானுக்கும் அவத் பெண்ணுக்கும் கல்யாணம். ஊரில் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத சாதிகள் இங்கே ஒரே வீட்டில் சோறு பொங்கின. பிள்ளைகளுக்குப் பொது மொழி இந்துஸ்தானி. 'லோக்கல் பார்ன்' என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 1942க்கு முன் குடியேறியோர் என்று அரசு ஆவணங்களில் தனிப் பிரிவே உண்டு. கைதிகளை நாடுகடத்தும் முறையைக் கைவிட 1921ல் அரசு முடிவு செய்தது. ஆனால் அந்தக் கல்யாணங்களின் பேரன் பேத்திகள் பள்ளிக்கூட ஆசிரியர்களாக, அதிகாரிகளாக, கடைக்காரர்களாக இந்த ஊரில் இருக்கிறார்கள். வரிசையில் நின்ற அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் இந்த ஊர் இல்லை.

கூடாரத்தில் விட்டுப்போனவள்

மெரினா பூங்காவை ஒட்டிய நீர்விளையாட்டு வளாகத்தில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1859 மே 17ல் நடந்த அபர்தீன் சண்டையின் ஞாபகம். தங்கள் மண்ணைப் பிடித்தவர்கள்மேல் அந்தமான் ஆதிவாசிகள் திரண்டு வந்தார்கள். ஆனால் முன்கூட்டியே தகவல் தெரிந்துவிட்டது. தெரிவித்தவன் தூத்நாத் திவாரி என்ற கைதி. 1858 ஏப்ரலில் தப்பி ஓடி, ஆதிவாசிகளிடம் சிக்கி, காயத்தோடு உயிர் பிழைத்து, அவர்களோடு ஓராண்டு வாழ்ந்தவன். அவனுக்கு அவர்கள் இரண்டு பெண்களைக் கல்யாணமும் செய்துவைத்தார்கள். தாக்குதல் வருகிறது என்று தெரிந்ததும் ஓடிவந்து வெள்ளையரிடம் சொல்லிவிட்டான். பரிசாகத் தண்டனை ரத்து. ஊருக்குப் போய்விட்டான். மனைவியரில் ஒருத்தி லீபா. அவன் போனபோது அவள் கர்ப்பம் என்பது பழைய குறிப்பு. பூங்காவில் மோதிரத்தோடு நிற்கிறவர்கள் அந்தக் கல்லைப் படிப்பதில்லை. அவள் பெயர் அதில் இருக்கவும் வாய்ப்பில்லை.

படம் எடுக்கும் கதையும் இந்த ஊரில் பழையதுதான். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் பார்த்திருப்பீர்கள். தென்னை மரங்கள், நடுவில் கடல். மவுண்ட் ஹேரியட் மலைக்குப் போகிற வழியிலிருந்து தெரியும் காட்சி அது. 2021ல் அதற்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றினார்கள். ஹேரியட் என்பவள் 1862 முதல் 1864 வரை இங்கே நிர்வாகியாக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி. இந்தத் தம்பதி சேர்ந்து போட்டோ எடுத்தவர்கள். 1857 கலகத்துக்குப் பிறகு டில்லி, லக்னோ, கான்பூர் இடிபாடுகளை அவர்கள் எடுத்த படங்கள் சரித்திரம். கணவனும் மனைவியும் காமிராவுக்கு முன்னால் நின்று போஸ் கொடுக்காமல், காமிராவுக்குப் பின்னால் சேர்ந்து நின்ற ஜோடி.

அடுத்து வந்தவர் போர்ட்மன் என்ற அதிகாரி. 1890களில் ஆதிவாசிகளை நிற்கவைத்து, கட்டம் போட்ட திரைக்கு முன்னால் அளவெடுப்பதுபோல் எடுத்தார். பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போன அந்தப் படங்கள் தொழில்நுட்பத்தில் அபாரம். ஆனால் அந்த முகங்களிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. அந்தமான் ஆதிவாசிகளைப் பாதுகாக்க 1956ல் ஒரு சட்டம் வந்து, 2012ல் அது கடுமையாக்கப்பட்டது. இன்று ஜாரவா மக்களைப் படம் எடுத்தால் சிறைத் தண்டனை. காமிராவுக்கும் சம்மதம் வேண்டும் என்பதை இந்தத் தீவு நீண்ட நாள் கழித்துக் கற்றுக்கொண்டது.

நாலே முக்கால்

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மாமா, அட்டை வேண்டாம். பாட்டு வேண்டாம். நண்பர்களை நீங்க ராஸ் தீவுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"போட்டோ?"

"அண்ணன் இருக்கட்டும். தூரத்துல. நான் கை தூக்கினா எடுக்கணும். தூக்கலைன்னா கப்பலை எடுக்கட்டும்."

நண்பர்கள் முணுமுணுத்தார்கள். அட்டை எழுத ஒரு ராத்திரி கண்விழித்தவர்கள். நான் அவர்களைப் படகில் ஏற்றினேன். ராஸ் தீவின் பெயர் 2018ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று மாறிவிட்டது. போர்ட் பிளேரே 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்தான். ஆனால் படகுக்காரர் இன்னும் 'ராஸ், ராஸ்' என்றுதான் கூவுகிறார். ஒரு காலத்தில் வெள்ளையர்களின் தலைநகரம். 1941 ஜூன் பூகம்பமும் மறு வருடம் ஜப்பானியர் வருகையும் அதை முடித்துவைத்தன. ஆளுயரச் சுவர்களை ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நடனமாடிய கூடத்தில் மான் மேய்கிறது. நண்பர்கள் படம் எடுத்தார்கள். நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த பூங்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர்கள் எறும்பாகக்கூடத் தெரியவில்லை.

நடந்ததை அவன் பிறகு சொன்னான். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மண்டியிடவில்லை. மோதிரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவும் இல்லை. கேட்டான். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அதோ அந்தத் தூணுக்குப் பின்னால நிக்கிறவர் நம்ம ஆளா?" என்றாள். ஒப்புக்கொண்டான். "அவரை முதல்ல டீ குடிக்கப் போகச் சொல்லு." போகச் சொன்னான். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அப்பா இறந்த பிறகு தனியாக இருக்கும் அவள் அம்மா யாரோடு இருப்பார்? அவள் வேலையை விட வேண்டியிருக்குமா? அவன் வீட்டில் சாதி பற்றி யார் முதலில் வாயைத் திறப்பது? தங்க வெளிச்சம் வந்தது, போனது. நீல வெளிச்சமும் போனது. விளக்குகள் எரிந்தன.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாளாம்.

அன்று இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. நண்பர்கள் என்னைக் குற்றவாளி மாதிரிப் பார்த்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் கேட்டிருந்தால் இந்நேரம் கேக் வெட்டியிருக்கலாம் என்றான் ஒருவன். உண்மைதான். வெட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை ஹேவ்லாக்குக்கு, இப்போதைய பெயரில் சுவராஜ் தீவுக்கு, கப்பல். ஒன்றரை மணி நேரம். பாதிப் பயணத்தில், இருவருக்கும் கொஞ்சம் வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அவள் சொன்னாள். சரி என்று. மூன்று நிபந்தனைகளோடு. மூன்றில் முதலாவது, அம்மா தங்களோடு இருப்பார். காமிராவுக்கு அருகில் யாரும் இல்லை. கப்பல் ஆடியதில் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

போட்டோகிராபர் முழுப்பணம் வாங்க மறுத்தார். பேசியதில் பாதி போதும் என்றார். அவர் அனுப்பிய படங்களில் பெரும்பாலும் கப்பல்கள், நார்த் பே கலங்கரை விளக்கம், தங்க நிறத்தில் ராஸ் தீவு. ஒரே ஒரு படத்தில் மட்டும், டீ குடிக்கக் கிளம்பும்போது தூரத்திலிருந்து எடுத்தது, ஒரு பெஞ்சும் அதில் இரண்டு முதுகுகளும் தெரிகின்றன. நடுவே ஓர் ஆள் உட்காரும் இடைவெளி. யார் முகமும் தெரியாது. அதை அனுப்பும் முன் அவர் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, வைத்துக்கொள்ளட்டுமா, அழிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

வைத்துக்கொள்ளச் சொன்னாள். இப்போது என் அக்கா வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும், "இதுல யாரையும் காணோமே?" என்கிறார்கள்.